தேக்குதான் போட்டேன், நாலே வருஷத்துல இத்துப்போச்சு! – மரக்கடை அண்ணாச்சி பதில்கள்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், தூண் போச்சு, வேலி போச்சு, பெஞ்சு போச்சுன்னு. மழை ஓஞ்சதும் எல்லாரும் வெளிய வந்து பார்த்திருக்கீங்க போல. சரி, இந்தத் தடவை கட்டில், பீரோ, நிலைக்கதவு எல்லாம் ஓரமா இருக்கட்டும், வெயில் மழையில கிடக்கிற மரத்தைப் பத்தி மட்டும் பேசுவோம்.

அதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். "மரம் போச்சு"ன்னு மொட்டையா எழுதாதீங்க. நம்ம பேச்சுலயே இதுக்கு மூணு வார்த்தை இருக்கு, மூணும் மூணு சமாச்சாரம். செல்லரிக்கிறதுன்னா கறையான், மண்ணைப் பூசிக்கிட்டு ஏறும். உளுக்கிறதுன்னா வண்டு, குண்டூசி ஓட்டையா இருக்கும், தட்டினா மாவு கொட்டும். இத்துப்போறதுன்னா பூஞ்சை, விரலால பிச்சா நார்நாராவோ பஞ்சாவோ வரும், இல்லைன்னா காஞ்ச குளத்து மண்ணு மாதிரி கட்டம் கட்டமா வெடிச்சு கிடக்கும். எதுன்னு தெரிஞ்சாதான் வைத்தியம் சொல்ல முடியும்.

அண்ணாச்சி, வீட்டு கேட்டுக்கு நாலுக்கு நாலு தேக்குத் தூண் ரெண்டு போட்டேன். அசல் தேக்குன்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க. நாலு வருஷம் ஆகலை, மண்ணை ஒட்டி ஆள்காட்டி விரல் உள்ள போகுது. மேல பார்த்தா புதுசு மாதிரி இருக்கு. ஏமாத்திட்டாங்களா? – ஒரு வாசகர், புளியரை

ஏமாத்தினாங்களா இல்லையான்னு நான் சொல்ல முடியாது தம்பி, ஆனா அது தேக்காவே இருக்கலாம். தேக்கு ஒண்ணும் முழுக்க முழுக்க தேக்கு இல்லை. நடுவுல பொன்னிறமா இருக்கே வைரம், அதுலதான் பூஞ்சைக்கும் கறையானுக்கும் பிடிக்காத சரக்கு இருக்கு, மரம் வயசாக வயசாக உள்ள சேர்த்து வச்சது. சுத்தி வெளிறிப்போய் இருக்கிற வெள்ளையில அது கிடையாது, அங்க இருக்கிறது மாவுச்சத்து. வெள்ளைன்னு வந்துட்டா தேக்கு, மா, முருங்கை எல்லாம் ஒரே சாதிதான், மழையில வச்சா சீக்கிரம் போயிடும். இப்ப வர்றதுல நிறைய, வீட்டு மனையிலயும் தோட்டத்து வரப்புலயும் பத்து பதினஞ்சு வருஷம் வளர்ந்த தேக்கு. நிலம்பூர்ல 1840கள்ல போட்ட தோட்டத்துலேர்ந்து கேரளாக்காரங்க தேக்கு வளர்க்கிறாங்க, அங்க வெட்டுறதுக்கே அம்பது அறுபது வருஷம் பொறுப்பாங்க, சும்மா இல்லை. சின்ன மரத்துல நாலுக்கு நாலு எடுத்தா நடுவுல வைரம், நாலு மூலையும் வெள்ளை, அதுமேல காபி கலர் பாலிஷை இழுத்துட்டா என் கண்ணுக்கே தெரியாது. அதனால தூண் வாங்கறப்ப பக்கத்தைப் பார்க்காதீங்க, அறுத்த முனையைப் பாருங்க, அங்க பொய் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், மண்ணை ஒட்டி மட்டும் ஏன் போச்சுன்னு கேட்டிருக்கலாம், நீங்க கேட்கலை, நானே சொல்றேன். பூஞ்சைக்கு ஈரமும் வேணும் காத்தும் வேணும். மேல காத்து இருக்கு, ஆனா வெயில் அடிச்சா காஞ்சுடும். ஆழத்துல ஈரம் இருக்கு, காத்து பத்தாது. ரெண்டும் சேர்ந்து கிடைக்கிறது தரைமட்டத்துக்கு மேல அரையடி, கீழ ஒரு அடி, அங்கதான் விருந்து. மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பூஞ்சைக்கு வேலையே இல்லை, 30ஐ ஒட்டிப் போய் நின்னுச்சுன்னா பந்தி போட்ட மாதிரி. நீங்க தூணை கான்கிரீட்ல நட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். நானும் என் வீட்டு வாசல்ல வேங்கைத் தூணை அப்படித்தான் நட்டேன், மரக்கடைக்காரன் வீட்டுத் தூணாச்சேன்னு ஒரு மிதப்பு வேற, அடியையும் சேர்த்து தொட்டி மாதிரி மூடிட்டேன், மரம் காய்ஞ்சு சுருங்கினதும் சுத்தி ஒரு நூலிழை இடுக்கு விழுந்துச்சு, மழைத்தண்ணி அது வழியா இறங்கி வெளிய போக வழியில்லாம மாசக்கணக்குல உள்ளயே கிடந்திருக்கு. ஆறாவது வருஷம் தெரிஞ்சுது. இப்ப இரும்புல யூ கிளாம்ப் அடிச்சு அதை கான்கிரீட்ல நட்டு, தூணு தரையைத் தொடாம ரெண்டு இன்ச் தூக்கி நிக்குது. உங்க தூண்லயும் கெட்ட அடியை அறுத்துத் தள்ளிட்டு, மேல நல்ல மரம் மிச்சமிருந்தா அதே மாதிரி செய்யுங்க.

தேக்கடி ஏரியில போட்ல போறப்ப பட்டமரமா தண்ணியில நிக்குதே, அணை கட்டுனதுலேர்ந்து நிக்குதுன்னு சொல்றாங்க. என் தோட்டத்துல நட்ட கட்டை ரெண்டு மழை தாங்கலை. தண்ணியிலயே நிக்கிறது எப்படிங்க கெடாம இருக்கு? – ஒரு வாசகர், குமுளி

அருமையான கேள்வி, இதுக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். முல்லைப் பெரியாறு அணை 1895ல முடிஞ்சுது, தண்ணி தேங்கினதும் காடு அப்படியே முங்கிப்போச்சு, அந்த மரங்கதான் அது. நூறு வருஷம் தாண்டி எங்கயோ போயாச்சு. காரணம் மேல சொன்னதேதான், முழுசா தண்ணிக்குள்ள இருக்கிற மரத்துக்குக் காத்து போகாது, காத்து இல்லாம பூஞ்சை பிழைக்காது. பாக்டீரியா மட்டும் கொஞ்சம் சுரண்டும், அது ஆமை வேகம். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பாகம் வெயில்லயும் மழையிலயும் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சுகிட்டுத்தான் இருக்கு, அதுல நிக்கிறது வைரம் பாய்ஞ்ச பாகம்.

இது நம்ம முன்னோருக்கு நல்லாத் தெரியும். கிணறு வெட்டுறப்ப அடியில நெல்லி மரத்துல வளையம் மாதிரி செஞ்சு இறக்கி அதுமேல சுவர் எழுப்புவாங்க, எப்பவும் தண்ணிக்குள்ளயே கிடக்கும், கெடாது. கிணறு வத்தி வத்தி அந்தப் பலகை கண்ணுக்குத் தெரிஞ்சா கதி கெட்டுச்சுன்னு அர்த்தம். உங்க பக்கத்துல மலையாளத்துல பேசுறப்ப பொறுமை போயிட்டா "நெல்லிப்பலக கண்டு"ன்னு சொல்லுவாங்களே, அது இதான். ஆக முழுசா நனைஞ்சே கிடக்கிற மரம் பிழைக்கும், முழுசா காய்ஞ்சே கிடக்கிற மரமும் பிழைக்கும், நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு காய்ஞ்சு கிடக்குதே உங்க தோட்டத்துக் கட்டை, அதுக்குத்தான் ஆயுசு கம்மி. (உப்புத்தண்ணிக் கதை வேற, கடல்ல மரத்தைத் துளைக்கிற புழு இருக்கு, அங்க இந்தக் கணக்கு செல்லாது.)

நானும் எங்க அக்காவும் ஒரே மில்லுல ஒரே நாள்ல வேப்பம்பலகை வாங்கி வெளிய பெஞ்சு போட்டோம். எனக்கு சங்கரன்கோவில், அவளுக்கு புனலூர். என்னுது கல்லு மாதிரி இருக்கு, அவளுது ஓரமெல்லாம் பிஞ்சு வருது. அவ சரியா பார்த்துக்கலைன்னு நான் சொல்றேன், சண்டையே வந்துருச்சு. – ஒரு வாசகி

அக்காகிட்ட மன்னிப்புக் கேளுங்கம்மா. நடுவுல மலை இருக்குல்ல, அக்கா பக்கம் மழை நாள் ஜாஸ்தி, உங்க பக்கம் கம்மி. 1971ல ஷெஃபர்னு ஒரு அமெரிக்கக்காரர் இதுக்கு ஒரு கணக்கே போட்டு வச்சிருக்கார், மண்ணுல புதைக்காம வெளிய நிக்கிற மரத்துக்கு. மாசத்தோட சராசரி வெப்பத்துல 2 கழிச்சுக்கோங்க, அந்த மாசம் எத்தனை நாள் மழைன்னு எண்ணி அதுல 3 கழிச்சுக்கோங்க, ரெண்டையும் பெருக்குங்க, இப்படி பன்னெண்டு மாசத்தையும் கூட்டி 16.7ஆல வகுத்தா அந்த ஊர்ல மரம் கெடுற வேகம் புரியும். சும்மா ஒரு மாசத்துக்குப் போட்டுப் பாருங்க, 27 டிகிரி, 20 நாள் மழைன்னா 25 வருது. அதே 27 டிகிரி, 5 நாள்தான் மழைன்னா வெறும் 3. எட்டு மடங்கு வித்தியாசம்! எவ்வளவு மழை கொட்டுச்சுங்கிறதை அவர் எடுத்துக்கவே இல்லை பார்த்தீங்களா, எத்தனை நாள் நனைஞ்சுதுங்கிறதுதான் கணக்கு. ஒரே நாள்ல பேய் மழை பெஞ்சு மறுநாள் வெயில் அடிச்சா மரம் தப்பிச்சுக்கும், நசநசன்னு இருபது நாள் தூறிக்கிட்டே இருந்தா எந்த மரமும் சோர்ந்துடும். அக்கா பெஞ்சோட நாலு காலுக்கும் அடியில ஓட்டுச்சில்லோ கல்லோ வச்சு தூக்கி விடச் சொல்லுங்க, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல விரல் போற அளவு இடைவெளி இருக்கட்டும், தண்ணி நிக்கக் கூடாது.

ரப்பர் மரம் சீப்பா கிடைக்குது. தோட்டத்துல உக்கார ஒரு செட் போட்டா என்ன? – ஒரு வாசகி, மார்த்தாண்டம்

வேண்டாம் தங்கச்சி. ரப்பர்ல வைரம்னு தனியா ஒண்ணும் கிடையாது, மரம் பூரா சீனியும் மாவும், வெட்டிப் போட்ட சில நாள்லயே நீலம் நீலமா பூஞ்சை ஏறிடும், அதுக்கு அப்புறம் வண்டு வரும். கடையில பளபளன்னு இருக்கே ரப்பர்வுட் டைனிங் டேபிள், அதெல்லாம் அறுத்த கையோட போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை பிரஷர்ல உள்ள ஏத்தினது. வீட்டுக்குள்ள அது நல்ல மரம், நானே சிபாரிசு பண்ணுவேன். ஆனா அந்த மருந்து தண்ணியில கரையுற சரக்கு, மழையில வச்சா வந்த வழியே இறங்கிப் போயிடும். "ட்ரீட் பண்ணது அண்ணே, பயமில்லை"ன்னு சொன்னா எந்த மருந்துன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வெளிய போடணும்னா உங்க பக்கத்துலயே அயினி கிடைக்குமே, மலையாளத்துல ஆஞ்சிலின்னு சொல்றது, பந்தயத்துல ஓடுற பாம்புப் படகு, சுண்டன் வள்ளமே அதுலதான் செய்யறாங்க, தண்ணிக்குப் பயப்படாத மரம். வெள்ளையைச் செதுக்கிட்டு வாங்குங்க.

ஓட்டு வீட்டுக்கு பனங்கைதான் (பனமரச் சட்டம்) போட்டிருக்கோம், தாத்தா காலத்துது, இரும்பு மாதிரி இருக்கு. அதே பனையை ரெண்டா பொளந்து தோட்டத்துல தூணா நட்டேன், உள்பக்கம் குழியா போயிடுச்சு. ஏன்? – ஒரு வாசகர், களியக்காவிளை பக்கம்

பனையில எல்லாமே தலைகீழ். தேக்குல உள்ள வைரம், வெளிய வெள்ளை. பனையிலயும் தென்னையிலயும் வெளியதான் கறுப்பு வைரம், உள்ள வெறும் சோறு. இதை நான் கண்டுபிடிக்கலை, தொல்காப்பியத்துலயே இருக்கு, வெளிய காழ் இருந்தா அது புல்லு, உள்ள காழ் இருந்தாத்தான் மரம்னு. காழ்னா வைரம்தான். அந்தக் கணக்குல பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லு சாதி. நீங்க பொளந்தப்ப அந்தச் சோத்துப் பக்கத்தைத் திறந்து மழைக்குக் காட்டிட்டீங்க. தாத்தா வீட்டுல ஓட்டுக்கடியில நனையாம கிடந்ததால அது தெரியலை. உள்பக்கத்தை கறுப்பு வர்ற வரைக்கும் செதுக்கி எடுத்துட்டுத்தான் வெளிய வைக்கணும், அப்பவும் மண்ணுல புதைக்கிறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

பத்மநாபபுரம் அரண்மனை பூரா மரம்தானே, நானூறு வருஷமா நிக்குதே, அது என்ன மருந்து? – அதே வாசகர்

மருந்து கூரைதான்! தாழ்வான சரிஞ்ச ஓடு, நீட்டி விட்ட இறவாணம், சுத்தி காத்தோட்டம், தூணுக்கு அடியில கல்லு. அங்க தாய்க்கொட்டாரம்ங்கிற பகுதியில ஒத்தைப் பலாமரத்துல செதுக்கின தூண் இருக்கு பாருங்க, அதைத் தூக்கி உங்க தோட்டத்துல நட்டிருந்தா கதை வேற. அரண்மனை நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல இருந்தாலும் பராமரிப்பு கேரள அரசுதான், அடுத்த தடவை போறப்ப செதுக்கலை மட்டும் பார்க்காம தூணோட பாதத்தையும் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.

ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்புக்கு வேலி போடணும். சவுக்கா, தைலமா, மூங்கிலா? எது ரொம்ப நாள் வரும்? – ஒரு வாசகர், கோபாலபுரம்

மூணுமே வராது, அதான் உண்மை. பச்சை மூங்கிலை அப்படியே மண்ணுல நட்டா ஒண்ணுலேர்ந்து மூணு வருஷம், அவ்வளவுதான். சவுக்கும் தைலமும் அதைவிடக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், பெருமையா சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு, பிரஷர் ட்ரீட்மென்ட் பண்ணப்போறீங்கன்னா அப்ப வெள்ளைதான் ராஜா! வைரத்துக்குள்ள மருந்து ஏறாது, வெள்ளைக்குள்ள பஞ்சு உறிஞ்சுற மாதிரி ஏறும், அதனால முழு உருட்டுக் கம்பா மருந்தேத்துன தைலமும் சவுக்கும் நல்லா தாக்குப்பிடிக்கும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூணும் கலந்த அந்த மருந்தைக் கண்டுபிடிச்சது நம்ம ஆளுதான், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்த சொண்டி காமேசம், 1933ல. உலகத்துல பல நாட்டுல கரண்ட் கம்பத்துக்கு அதைப் போட்டாங்க. ஆர்சனிக்ங்கிறதால அமெரிக்காவுல 2003 முடிவோட வீட்டு உபயோகத்துக்கு நிறுத்திட்டாங்க. அந்த மருந்து ஏறி பச்சை நிறம் அடிக்கிற கம்பா இருந்தா துண்டு துக்கடாவை அடுப்புல மட்டும் வச்சுடாதீங்க, சாம்பல்ல விஷம் அப்படியே நிக்கும்.

நான் சொல்றது என்னன்னா, உங்க கொங்குப் பக்கத்துல கிளுவை வேலி போடுவாங்களே, அதை ஏன் விட்டீங்க? உசிரோட இருக்கிற மரம் இத்துப்போறதில்லை. கிளுவைப் போத்தை (வெட்டின கிளையை) மழைக்கு முன்னாடி நெருக்கமா ஊனுங்க, அது வேர் பிடிச்சு பெருக்கிற வரைக்கும் நடுநடுவுல நாலு சவுக்குக் கம்பு தாங்கினா போதும். சவுக்கு இத்து விழுறதுக்குள்ள கிளுவை எழும்பிடும்.

வேலிக்கம்பு அடியை தீயில வாட்டி நட்டா நிக்கும்ங்கிறார் எங்க அப்பா, பழைய இன்ஜின் ஆயில் அடின்னு சொல்றார் மாமா. யாரு பேச்சைக் கேட்க? – ஒரு வாசகர், கூடலூர்

ரெண்டு பேரையும் கும்பிட்டுட்டு உங்க வேலையைப் பாருங்க. வாட்டினா மேல ஒரு கரித்தோல், அது வெடிச்சு இடுக்கு விட்டா தண்ணி உள்ள. பழைய ஆயில் தோலுக்கு மேலதான் நிக்கும், பெரும்பாலும் மண்ணுக்குத்தான் போய்ச் சேரும், மண்ணு கெட்டதுதான் மிச்சம். படகுக்கு அடிக்கிற கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) தோட்டு எண்ணெய் இதைவிட மேல், ஆனா கையில பட்டா கொப்புளம் போடும், கையுறை இல்லாம தொடாதீங்க. எது அடிச்சாலும் அறுத்த முனைக்கு மூணு கோட்டிங் அடிங்க, தண்ணியை உறிஞ்சுற வாய் அதுதான்.

பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டை விலைக்கு வருது. தோட்டத்துல கீரைப்பாத்திக்கு ஓரம் கட்டலாமா? – ஒரு வாசகி, செங்கோட்டை

நம்ம கொல்லம் லைன் 1904ல ஓட ஆரம்பிச்சது, மீட்டர் கேஜை பிரிச்சு அகலப்பாதையாக்கி 2018ல முழுசா விட்டாங்க. பழைய கட்டைன்னா எந்த லைன்ல கிடந்ததுன்னு தெரியாது, ஆனா வெயில்ல வச்சா கறுப்பா தார் வாசம் அடிச்சு கசியுதுன்னா அது நிலக்கரித் தார்லேர்ந்து எடுத்த கிரியோசோட், புத்துநோய் சமாச்சாரம். மரம் கெடாது, சரிதான், கீரையும் உக்கார்ற இடமும் கெடும். வாசல் கேட் ஓரமா நட்டுக்கோங்க, பாத்திக்கு வேண்டாம்.

எங்க பக்கம் செம்மரம் இத்துப்போகவே போகாதுன்னு சொல்றாங்களே, ரெண்டு தூணு கிடைக்குமா? – ஒரு வாசகர், பள்ளிப்பட்டு

இத்துப்போகாது. நீங்கதான் உள்ள போவீங்க. அடுத்த கேள்வி.

சுத்தி வளைக்காம எந்த மரம் எத்தனை வருஷம்னு ஒரு பட்டியல் போடுங்க அண்ணாச்சி. – பல பேரு

போட்டா அதை வெட்டி ஒட்டிக்கிட்டு என்கிட்ட சண்டைக்கு வருவீங்க. இருந்தாலும் சொல்றேன். டேராடூன்ல இடுகாட்டு டெஸ்ட்னு (கிரேவ்யார்ட் டெஸ்ட்) ஒண்ணு, பேரே அதுதான், வரிசையா முளைக்குச்சி மாதிரி மரத்துண்டுகளைப் பாதி மண்ணுல புதைச்சு வச்சு எது எப்ப விழுதுன்னு பார்க்கிறது. சராசரியா 120 மாசம், அதாவது பத்து வருஷம் தாண்டுனா முதல் வகுப்பு, 60லேர்ந்து 120 வரைக்கும் ரெண்டாவது, 60 மாசத்துக்குள்ள போனா மூணாவது. தேக்கு, வேங்கை, இருள், கோங்கு எல்லாம் முதல் வகுப்பு. மாமரம், இலவு, ரப்பர் கடைசி பெஞ்சு. இதுல ரெண்டு விஷயம் மறக்காதீங்க, ஒண்ணு இது வைரத்துக்கு மட்டும் போட்ட மார்க்கு, எந்த மரத்தோட வெள்ளையும் மூணாவது வகுப்புதான். ரெண்டு, அது கைக்கு அடக்கமான குச்சி, மண்ணுல புதைச்சது. அதே மரம் கனமா இருந்தா, மண்ணைத் தொடாம நின்னா, இன்னும் பல வருஷம் கூடும். குளிர் தேசத்துக்காரன் வெப்சைட்ல இருபத்தஞ்சு வருஷம்னு போட்டிருந்தா அது அவன் ஊர் மண்ணுக்கு, புனலூருக்கு இல்லை.

சரக்கு அடுக்குற பேலட் கட்டையில HT-ன்னு முத்திரை இருக்கு, அப்ப ட்ரீட் பண்ணதுதானே? – ஒரு வாசகர், கம்பம்

HT-ன்னா ஹீட் ட்ரீட்மென்ட், வேகவச்சது! நடுக்கட்டை வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் சூடு காட்டி உள்ள இருக்கிற பூச்சியைக் கொன்னுருக்காங்க, கப்பல்ல வேற நாட்டுக்குப் புழு போயிடக் கூடாதுன்னு. இத்துப்போறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பாதி பேலட் பைன் மரம், வெளிய போட்டா ரெண்டு மூணு மழைக்கு ஷோ காட்டும், அப்புறம் அடுப்புக்குத்தான்.

மாமரக் கிளையை உத்திரமா போட்டு வாசல்ல பிள்ளைங்களுக்கு ஊஞ்சல் கட்டியிருக்கேன். போன வாரம் அந்த உத்திரத்துல வரிசையா காளான் முளைச்சிருக்கு. பறிச்சுப் போட்டுட்டு பெயின்ட் அடிச்சா சரியாயிடுமா? – ஒரு வாசகி, தென்மலை

அம்மா, காளான் காய் மாதிரி. காய் வெளிய வந்துட்டுன்னா கொடி உள்ள ஏற்கனவே ஓடி முடிச்சாச்சு. பெயின்ட் அடிச்சா உள்ள இருக்கிற ஈரத்தை மூடி வைக்கிறீங்க, இன்னும் வேகமாப் போகும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கயிறு கட்டியிருக்கிற இடத்துல குத்திப் பாருங்க, நல்ல மரம்னா டக்குன்னு எதிர்க்கும், சிலும்பு நீளமா எழும்பும். போன மரம்னா சத்தமே இல்லாம இறங்கும், சிலும்பு பொடியா உடையும். குத்திப் பார்க்கிறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம், பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள முதல்ல அந்த ஊஞ்சலை அவிழ்த்துடுங்க.